நார் வேறு, போதை வேறு

 

சென்ற தை மாதத்தில் ஒரு நண்பரின் அழைப்பை ஏற்றுத் தாண்டிக்குடி சென்றிருந்தேன். வத்தலக்குண்டில் பேருந்து ஏறி, பட்டிவீரன்பட்டியைக் கடந்து, பெரும்பாறை, தடியன்குடிசை என்று வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையில் பயணம் செய்தவர்கள், அல்லாஹ்வின் அருட்கொடைகளை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. நிழல்மரங்களின் கீழ் காப்பிச் செடி. மரங்களின் மேல் படர்ந்த மிளகுக் கொடி. இடையிடையே ஆரஞ்சும் மலைவாழையும். நண்பரின் தோட்டத்துக் களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

மஃரிப் தொழுகை முடிந்து வீட்டில் அமர்ந்தோம். பொறியியல் படித்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பரின் மகன் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கீழேயிருந்து ஒருவர் வந்தார். தோட்டத்தின் உட்பகுதியில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்கிறார். 'ஹெம்ப்' பயிரிடப் போகிறாராம். துணி, காகிதம், எண்ணெய், மருந்து என்று எல்லாம் அதிலிருந்து கிடைக்குமாம். கனடாவில் அனுமதித்துவிட்டார்கள், நம் நாட்டிலும் சீக்கிரம் அனுமதித்து வரி போட்டுவிடுவார்கள், முந்திக்கொள்கிறவர்களுக்குத்தான் லாபம் என்கிறார். முன்பணமும் தருகிறாராம்."

நண்பர் ஒன்றும் பேசவில்லை. கூலி ஏறிவிட்டது, காட்டெருமைகள் வேலியை மதிப்பதில்லை, மழை பருவம் தவறுகிறது. முன்பணம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு கனம் இருந்தது. ஆனால், அடுக்களை வாசலில் நின்றிருந்த அவருடைய துணைவியார் கேட்டார்: "அண்ணே, எந்த இலையால் என் தம்பி மகன் படிப்பை விட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறானோ, அதே செடியைத்தானே இவர்கள் வேறு பெயரில் சொல்கிறார்கள்?"

மகனின் கேள்வியிலும் உண்மை இருக்கிறது. தாயின் கேள்வியிலும் உண்மை இருக்கிறது. அன்றிரவு நான் சொன்ன பதிலை, இன்னும் சற்று விரிவாக, நம் வாசகர்கள் அனைவருக்கும் இங்கே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி தாண்டிக்குடியோடு நிற்கப் போவதில்லை.

ஒரு செடி, மூன்று பொருள்கள்

தாயார் சொன்னது சரி. செடி ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு செடியிலிருந்து மூன்று பொருள்கள் வருகின்றன. தண்டின் பட்டையிலிருந்து நார். விதையிலிருந்து எண்ணெயும் மாவும். பெண் செடியின் பூங்கொத்திலிருந்து கஞ்சா. போதையைத் தருவது டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள். அது பூவில் மிகுந்தும், தண்டில் மிகக் குறைந்தும் இருக்கும். நாருக்கென்றே பல நாடுகளில் வளர்க்கப்படும் ரகங்களில் இந்தப் பொருள் நூற்றில் 0.3 பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

அந்த நாரின் பயனை நாம் மறுக்கத் தேவையில்லை. கப்பற்பாய்களும் கயிறுகளும் பல நூற்றாண்டுகள் அதனால் ஆனவை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் சமர்கந்திலிருந்து பக்தாதுக்குக் காகிதத் தொழில் வந்தபோது, அங்குக் காகிதம் செய்யப் பயன்பட்ட கந்தலில் ஆளிநாரும் இந்தச் செடியின் நாரும் இருந்தன. நம் முன்னோர்களான அறிஞர்கள் இறைமறையின் விளக்கங்களையும், மருத்துவத்தையும், வானவியலையும் எழுதிவைத்தது அத்தகைய காகிதத்தில்தான்.

அதே காலப்போக்கில், அதே செடியின் போதையும் முஸ்லிம் நாடுகளில் 'ஹஷீஷ்' என்ற பெயரில் பரவியது. அப்போது நம் மார்க்க மேதைகள் என்ன செய்தார்கள்? செடியைச் சபித்துவிட்டு ஓயவில்லை, நுணுகி ஆராய்ந்தார்கள். மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த இமாம் கராஃபி (ரஹ்), இது மதுவைப்போல் மயக்குவதா, அறிவைச் சிதைப்பதா என்று பிரித்து விவாதித்தார். கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரி 794இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்), ஹஷீஷ் தடுக்கப்பட்டது என்பதை விளக்கத் தனி நூலே எழுதினார். மதியை மயக்கும் எதுவும் மதுவின் சட்டத்தையே பெறும் என்ற நபிமொழியின் கருத்தே அவர்களுக்கு அடிப்படை. ஆனால் மதுவை நஜீஸ் என்று சொன்ன ஷாஃபிஈ அறிஞர்கள், இந்தச் செடியை அவ்வாறு சொல்லவில்லை. அதன் கயிற்றைக் கொண்டு ஒட்டகத்தைக் கட்டுவதையோ, அதன் நாரால் நெய்த துணியை உடுப்பதையோ எவரும் குறை கூறவில்லை. நார் வேறு, போதை வேறு என்ற தெளிவு நமக்கு இன்று நேற்று வந்ததன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி அந்தக் குத்தகைக்காரரிடம் வருவோம்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடி என்று சொல்லும்போது அந்த இனத்தின் எல்லாச் செடிகளையும் குறிக்கிறது. 'இது போதை தராத ரகம்' என்று நாமாகச் சொல்லிக்கொள்வதால் செடி சட்டத்திலிருந்து விலகிவிடாது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் இதைப் பயிரிட அரசு தனி உத்தரவின் மூலம் அனுமதிக்கலாம் என்கிறது. அந்த வழியில்தான் உத்தராகண்ட மாநிலம் 2018இல் நாருக்கான சாகுபடிக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. இமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒரு முன்னோட்ட ஆய்வுக்கு ஒப்புதல் தந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் இதன் விதையையும், விதை எண்ணெயையும், விதை மாவையும் வரம்புகளுடன் உணவுப் பொருள்களாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே மகன் கேள்விப்பட்டது முற்றிலும் பொய்யன்று. ஆனால் இவை எல்லாவற்றிலும் முதலில் வருவது உரிமம். விதைப்பு அதற்குப் பின்னர்தான். உரிமம் இல்லாமல் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பயிரிட்டவருக்கு மட்டுந்தான் என்று நினைக்க வேண்டாம். தன் இடம் இக்குற்றத்திற்குப் பயன்படுவதை அறிந்தே அனுமதித்தவருக்கும் அதே தண்டனை உண்டு என்பது 25ஆம் பிரிவு. தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா வளர்வதை அறிந்த நில உடைமையாளர் உடனே காவல்துறைக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 46ஆம் பிரிவு. குத்தகைக்காரர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார். பட்டாவில் பெயர் இருப்பவர் எங்கே மறைவார்?

மலைக்கு ஏற்ற பயிர்தானா?

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பயிர் என்ற அளவில் பார்த்தாலும் ஒரு பெரிய தடை இருக்கிறது. இந்தச் செடி பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையது. இமயமலை அடிவாரத்திலும் ஐரோப்பாவிலும் கோடைப் பகல் மிக நீண்டது. ஆகையால் செடி பூக்காமல் நெடுநெடுவென்று வளர்ந்து நீண்ட நாரைத் தருகிறது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள நம் பழனி மலையில் பகலின் நீளம் ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. இங்கு அது சீக்கிரம் பூத்துவிடும். தண்டு குட்டையாகவே நின்றுவிடும். அதாவது, இந்த மலையில் எளிதில் கிடைப்பது பூ. எளிதில் கிடைக்காதது நார். நாருக்காக என்று சொல்லிக்கொண்டு தோட்டத்தின் உட்பகுதியில் மறைவான இரண்டு ஏக்கரைத் தேடி வருகிறவரின் நோக்கம் என்னவென்று இப்போது புரிகிறதல்லவா?

இன்னொரு செய்தியையும் மகனிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்ற சொல் ஒரே செடியைக் குறிப்பதன்று. நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பையும் 'சன் ஹெம்ப்'தான். அது உறுதியான நார் தரும், மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். உலகப் புகழ்பெற்ற 'மணிலா ஹெம்ப்' என்பது என்ன தெரியுமா? பிலிப்பைன்ஸ் நாட்டின் ஒரு வாழை! தாண்டிக்குடியின் விருப்பாச்சி மலைவாழைக்கு அது நெருங்கிய உறவு. குலையை வெட்டியபின் நாம் மண்ணில் சாயவிடும் வாழைமட்டையிலும் நார் இருக்கிறது. முடிக்கொத்து நோயால் ஒரு காலத்தில் அழிந்தே போகும் என்று அஞ்சப்பட்ட அந்த மலைவாழை, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் நோயற்ற கன்றுகளால் மீண்டும் தலைதூக்கி, 2008இல் புவிசார் குறியீடும் பெற்றது. தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் முன்பணத்தை நம்புவதைவிட, நடந்து போகும் தூரத்தில் உள்ள அறிஞர்களிடம் ஆலோசனை கேட்பது மேலல்லவா?

வரி என்னும் வாதம்

"அதெல்லாம் சரி மாமா, போதைக்காகவே அனுமதித்தாலும் என்ன? தடை போட்டும் ஒழியவில்லையே. அரசுக்கு வரியாவது கிடைக்குமே?" என்றான் மகன். இன்று படித்த பலரும் எழுப்பும் வாதம் இது. நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் தரம்வீர காந்தி, கஞ்சாவுக்கும் அபினுக்கும் சட்டபூர்வ வழி காண வேண்டுமென்று தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். இந்த வாதத்தை எள்ளி நகையாடாமல் எடைபோட்டுப் பார்ப்போம்.

இது புதிய யோசனையும் அன்று. வெள்ளையர் ஆட்சியில் கஞ்சாவுக்கு உரிமமும் வரியும் இருந்தன. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் பேரில் 1893இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அது 1193 சாட்சிகளை விசாரித்து, 3000 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கை தந்தது. மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெருங்கேடு இல்லை; அளவு மீறினால் கேடு உண்டு; முற்றாகத் தடுக்கத் தேவையில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. இன்றைய வாதத்தின் மூலவேர் அங்கேயே இருக்கிறது.

அதற்கும் முன்னே செல்வோம். 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் ஹஷீஷுக்கு வரிக்குத்தகையே இருந்தது. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்த வருவாயை வேண்டாமென்று ரத்துச் செய்தார். அதனால் ஹஷீஷ் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. நேர்மையாக அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், குடிமக்களின் மயக்கத்திலிருந்து கருவூலத்துக்குக் காசு சேர்ப்பதில்லை என்று ஓர் ஆட்சி முடிவு செய்ததே, அதற்கு ஒரு பொருள் உண்டு.

நம் தமிழகத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி விதிக்கப்பட்டது. சாராய வருவாய் இல்லாமல் ஆட்சி நடத்த வழி தேடியதால் பிறந்தது அந்த வரி. பிறகு என்ன நடந்தது? 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. பலமுறை மாறி, 2003இல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் மூலம் அரசு ஏற்றது. விற்பனை வரியும் இருந்தது, சாராய வருவாயும் வந்து சேர்ந்தது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இன்று எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தத் தொகையை விட்டுவிட அஞ்சுகிறது. போதைக்கு வரி விதிக்கும் அரசு, போதையைக் கட்டுப்படுத்துவதாகத்தான் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் போதையே அரசைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடுகிறது.

சட்டபூர்வக் கடை வந்தால் கள்ளச்சரக்கு ஒழியும் என்கிறார்களே, அதுவும் நம் அனுபவத்தில் பொய்த்தது. அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடைச் சரக்கின் விலை கொடுக்க முடியாத ஏழைதான் அன்றும் செத்தான்.

வெளிநாட்டு உதாரணங்களையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். உருகுவே 2013இல் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபரில் கடைகளைத் திறந்தது. ஆனால் 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிய தாய்லாந்து, தெருவெங்கும் கடைகள் முளைத்ததைக் கண்டு, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பியது. சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ஏறத்தாழ ஒரு கிலோ தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரலில் ஒரு தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். வளைகுடா நாடுகளிலும் சட்டம் கடுமையானது. எங்கோ அனுமதித்துவிட்டார்கள் என்ற செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறர் தரும் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துப் பயணம் போகும் நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

தாயின் கேள்விக்குப் பதில்

மது, சூது ஆகியவற்றில் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆயினும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்ற கருத்தைத் திருக்குர்ஆன் சூரத்துல் பகராவில் நமக்குக் கற்றுத் தருகிறது. பயனே இல்லை என்று மறுக்கவில்லை, எடைபோடச் சொல்கிறது. கஞ்சாவுக்கான தராசும் அதுதான்.

சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றை ஓராண்டில் பயன்படுத்திய இந்தியர்கள் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் அது கணக்கிட்டது. எல்லோரும் கெட்டுவிடுவதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மூளை முதிர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகிறது என்றும், இளம் பருவத்தில் தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு நோயின் ஆபத்துக் கூடுகிறது என்றும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்தச் சிலரில் ஒருவனாக நம் வீட்டுப் பிள்ளை இருந்தால், அரசுக்கு வரும் வரியை வைத்து அந்தத் தாய்க்கு எதைத் திருப்பித் தர முடியும்?

அதே வேளையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனுமதி வேண்டுவோர் கூறும் ஒரு குறை நியாயமானது. பெரிய வியாபாரி தப்பிவிடுகிறான். ஒரு பொட்டலத்துடன் அகப்பட்ட ஏழைப் பையன் வாழ்நாள் முழுதும் குற்றவாளி என்ற முத்திரையைச் சுமக்கிறான். வீட்டிலும் அவனை வெளியே தள்ளுகிறோம், ஜமாஅத்திலும் ஒதுக்குகிறோம். விற்பவன் வேறு, விழுந்தவன் வேறு. தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. இதை எத்தனை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் எழுதிவைத்திருக்கிறோம்?

நண்பரின் துணைவியாரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதைத்தான்: "தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி, அதே செடிதான். உங்கள் தம்பி மகனை மூலையில் உட்கார வைத்திருப்பது போதாது. திண்டுக்கல்லிலோ மதுரையிலோ மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். குணமானால் இந்தத் தோட்டத்தில் அவனுக்கு வேலை கொடுங்கள்." அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை பேசாமல் இருந்த நண்பர், "அடுத்த வாரமே நானே அழைத்துப் போகிறேன்" என்றார்.

ஊர் திரும்பிய சில நாள்களில் மகன் தொலைபேசியில் பேசினான். அந்த மனிதர் மீண்டும் வந்தாராம். "அரசு தந்த உரிமத்தின் நகலைக் கொண்டுவாருங்கள், அத்தாவும் நானும் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்றானாம். போனவர் திரும்பி வரவில்லையாம். இப்போது அந்த இரண்டு ஏக்கரில் ஊடுபயிராகச் சணப்பை விதைத்து மடக்கி உழுதுவிட்டு, மலைவாழைக் கன்று வைக்கப் போகிறார்களாம்.

அந்தக் கன்றுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! மூலையில் முடங்கிய நம் பிள்ளைகள் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக! ஆமீன்.